விஷெகிராதில் இப்போது யார் இருக்கிறார்கள்?

போஸ்னியாவின் கிழக்கு ஓரத்தில், திரினா ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் விஷெகிராத். 1991 கணக்கெடுப்பின்போது சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து 21,199 பேர் இருந்தார்கள். 2013-ல் இருந்தவர்கள் 10,668 பேர். போர் வந்தது, பாதி ஜனம் போய்விட்டது என்று இதைக் கடந்துபோவது சுலபம். நடந்தது அதுவல்ல.

1991-ல் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் போஸ்னிய முஸ்லிம்கள். மூன்றில் ஒரு பங்கினர் செர்பியர்கள். 2013-ல் முஸ்லிம்கள் பத்து சதவீதம்தான். மொத்த ஜனத்தொகை பாதியாகச் சுருங்கியபோதும் செர்பியர்களின் எண்ணிக்கை இரண்டாயிரத்துக்கு மேல் கூடியிருக்கிறது. ஊர் வெறுமனே காலியாகவில்லை; ஆட்களையே மாற்றிவிட்டார்கள்.

1992 ஏப்ரலில் யூகோஸ்லாவிய ராணுவம் ஊருக்குள் வந்தது. பயந்து ஓடியிருந்த முஸ்லிம்களிடம், இனி ஆபத்தில்லை, வீடு திரும்புங்கள் என்று சொல்லப்பட்டது. பலர் நம்பித் திரும்பினார்கள். மே மாதம் ராணுவம் கிளம்பிவிட்டது. செர்பிய ஆயுதக் குழுக்களின் கையில் அகப்பட்டவர்களில் இப்படித் திரும்பி வந்தவர்களும் உண்டு. என்னால் எளிதில் கடக்க முடியாத இடம் இதுதான்.

ஜூன் 14 அன்று, ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்லப்பட்ட கொரித்னிக் கிராமத்தாரைப் பியோனிர்ஸ்கா தெருவில் ஒரு வீட்டில் அடைத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். தரைவிரிப்பில் தீப்பற்றும் திரவம் முன்கூட்டியே ஊற்றப்பட்டிருந்தது. வீட்டுக்குத் தீ வைத்து, ஜன்னல் வழியே குதித்தவர்களைச் சுட்டார்கள். 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பிகாவாட்ஸ் பகுதியில் இன்னொரு வீட்டிலும் இதே கொடுமை. இவ்விரண்டும் உள்ளிட்ட குற்றங்களுக்காக, ஆயுதக் குழுவொன்றின் தலைவனான மிலன் லூக்கிச்சுக்கு ஹேக் போர்க்குற்றத் தீர்ப்பாயம் 2009-ல் ஆயுள் தண்டனை விதித்தது. 2010-ல் அணை பழுதுபார்ப்புக்காகத் திரினா ஆற்றின் பெருச்சாட்ஸ் ஏரியில் நீர்மட்டத்தைக் குறைத்தபோது, சேற்றிலிருந்து மனித எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள்.

காலியான வீடுகளுக்குக் குடிவந்தவர்களிலும் அகதிகள் இருந்தார்கள். போரை முடித்த டேட்டன் ஒப்பந்தப்படி 1996 தொடக்கத்தில் சரயேவோவின் புறநகர்கள் செர்பியர்களிடமிருந்து கைமாறியபோது, அங்கிருந்த செர்பியர்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இந்த ஊரில் தங்கினார்கள். வீட்டை இழந்து வந்தவர்கள், வீட்டை இழந்த இன்னொருவரின் கதவைத் திறந்து உள்ளே போனார்கள். அவர்களைக் குற்றவாளிகளோடு சேர்த்து எண்ணுவது அநியாயம்.

பின்னர் சொத்துரிமைச் சட்டங்கள் பழைய உரிமையாளர்களுக்கு வீடுகளைத் திருப்பித் தந்தன. ஆனால் சாவி கையில் வந்தால் மட்டும் ஊர் திரும்பிவிட முடியுமா? வேலை வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், கடைவீதியில் எதிரே வருகிறவர் 1992-ல் என்ன செய்தார் என்று அஞ்சாமல் நடக்க வேண்டும். திரும்பியவர்களில் முதியவர்களே அதிகம். வீட்டை மீட்டவர்களில் பலர் அதை விற்றுவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் சரயேவோவிலும் அயல்நாடுகளிலும் வேர்விட்டுவிட்டார்கள்.