உடல் நிலையும் அசைவுகளும்: உடற்கூற்றியல் சொற்கள்

உடலின் எந்தப் பகுதியைக் குறிப்பிடவும் உடற்கூற்றியல் ஒரே நிலையை அடிப்படையாகக் கொள்கிறது. நிமிர்ந்து நின்று, முகமும் பாதங்களும் முன்நோக்க, கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கைகள் முன்னே பார்த்திருக்கும் நிலை அது. உடற்கூற்று நிலை என்பது அதன் பெயர். ஆள் படுத்திருந்தாலும், தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருந்தாலும் சொற்கள் மாறா. வலம், இடம் என்பவையும் அந்த உடலுக்கு உரியவருடையவை. எதிரே நின்று பார்ப்பவருடையவை அல்ல.

உடலை இடம் வலமாகப் பிரிக்கும் கற்பனைக் கோடு நடுக்கோடு. அதற்கு அருகில் இருப்பது உட்பக்கம். தள்ளி இருப்பது வெளிப்பக்கம். மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். உள்ளங்கையை முன்னே காட்டி நின்று பாருங்கள்: சுண்டுவிரல் உட்பக்கமும் கட்டைவிரல் வெளிப்பக்கமும் இருக்கும். திருப்பூரில் ஓவர்லாக் எந்திரத்தில் பனியன் துணியைத் தள்ளிக்கொடுக்கும் டைலருக்கோ கை கவிழ்ந்தே இருக்கிறது. கட்டைவிரல்கள் ஒன்றையொன்று பார்க்கின்றன. அவர் ‘கையில உள்பக்கம் மரத்துப்போகுதுங்க’ என்றால், கட்டைவிரல் பக்கத்தைச் சொல்லக்கூடும். மருத்துவ நூலில் அது வெளிப்பக்கம்.

இது வெறும் சொற்குழப்பம் அன்று. மணிக்கட்டில் நடு நரம்பு நெருக்குண்டால் பொதுவாகக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி மரத்துப்போகும். முழங்கையில் இடித்துக்கொண்டால் ஷாக் அடித்தாற்போல் இருக்கிறதே, அங்கே செல்வது அல்னா நரம்பு. அது அழுந்தினால் சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் மரக்கும். ஆகவே மருத்துவரிடம் பக்கத்தைச் சொல்வதைவிட விரலின் பெயரைச் சொல்வதே நல்லது.

அசைவுகளுக்கான சொற்கள் தமிழில் நூலுக்கு நூல் மாறும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் காலத்து நூல்களில் உடற்கூற்றியலுக்கே ‘அங்காதிபாதம்’ என்று பெயர்! இங்கு எளிய சொற்களையே கையாள்கிறோம்.

மூட்டின் கோணத்தைக் குறைப்பது மடக்கல், கூட்டுவது நீட்டல். குனிந்து தையலைப் பார்க்கையில் கழுத்து மடங்குகிறது. மணிக்கட்டில் மட்டும் கவனம் வேண்டும்: கையைப் புறங்கைப் பக்கமாக வளைப்பதையும் நாம் மடக்குவது என்போம்; உடற்கூற்றியலில் அது நீட்டல். கையைப் பக்கவாட்டில் தூக்குவது விலக்கல், உடலோடு சேர்ப்பது நெருக்கல். முழங்கையை மடக்கி வைத்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்புவது கவிழ்த்தல். மேல்நோக்கித் திருப்புவது மலர்த்தல். கவிழ்க்கும்போது ஆர எலும்பு, அல்னா எலும்பின் குறுக்கே சுழன்று செல்கிறது. மறுகையால் முன்கையைப் பிடித்துக்கொண்டு திருப்பினால் இதை உணரலாம். பெடலை முன்பாதத்தால் அழுத்துவது கணுக்காலின் கீழ்மடக்கல்; முன்பாதத்தைத் தூக்குவது மேல்மடக்கல்.