பண்டிதரின் பெயர்

அயோத்திதாசப் பண்டிதரைப் படிக்கத் தொடங்கும் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: பௌத்தம் தழுவியவர் ஏன் இராமனின் ஊரைப் பெயரில் சுமந்தார்?

1845இல் சென்னை ஆயிரம் விளக்கில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பார்ப்பனப் பெண் ஆரியமாலையைக் காதலித்ததற்காகக் கழுவேற்றப்பட்டு, நம் தெருக்களில் சாமியாக நிற்பவனின் பெயர் அது. தனக்குப் பாடம் சொன்ன வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரின் பெயரைப் பின்னாளில் தனதாக்கிக்கொண்டார். இதில் இராமபக்தி எதுவுமில்லை, இருப்பது குருபக்தி. சுப்புரத்தினம் பாரதிக்குத் தாசனானார். இவரோ ஆசிரியரின் பெயரையே முழுதாக எடுத்துக்கொண்டார்.

அயோத்யா என்றால் வடமொழியில் 'போரிட்டு வெல்ல முடியாதது'. பாலியில் அயோஜ்ஜா. தாய்லாந்தின் அயுத்தயாவும் 1755இல் எழுந்த ஜாவாவின் யோக்யகர்த்தாவும் அதே சொல்லின் கிளைகள்.

'தாசன்' என்ற பாதிதான் நாம் நின்று பார்க்க வேண்டியது. ரிக் வேதத்தில் தாசர் என்போர் ஆரியரின் பகைவர். பிறகு அது அடிமையைக் குறித்தது; பக்திக் காலத்தில் அடியாரைக் குறித்தது. பகைவனுக்கு இட்ட பெயர் பணிவின் பெயரான வரலாறு இது. அரபு அப்துல்லா, எபிரேய ஒபதியா, நம் சேரிகளின் யேசுதாஸ், எல்லாம் கடவுளின் ஊழியன் என்றே பொருள்படும். ஒரே பொருள்தான்; ஆனால் பகைவனில் தொடங்கிய வழி தாசனுக்கு மட்டுமே.

1898இல் அடையாற்று ஆல்காட்டுடன் கொழும்பு சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்ற பிறகும் பண்டிதர் பெயரை மாற்றவில்லை. அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சொல்லைத் தூக்கி எறிவதைவிட அதன் பொருளை மீட்பதே அவர் வழி. ஐம்புலன்களை வென்ற புத்தரே இந்திரர், அவரது தேசமே இந்தியா என்று 'இந்திரர் தேச சரித்திர'த்தில் எழுதியவர் அல்லவா! மயிலாப்பூருக்குப் பக்கத்து இராயப்பேட்டையிலிருந்து 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, அந்த வேலையை வாரந்தோறும் செய்தார்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. ஆங்கிலத்தில் அவர் பெயரை ஐயோத்தி தாஸ் என்று ஒலிக்கும்படி 'ஐ' எழுத்தில் தொடங்கியும், அயோத்திதாஸ் என்று 'ஏ' எழுத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். 'தாஸ்' சில இடங்களில் 'டாஸ்' ஆகிவிடுகிறது. நூலகப் பட்டியலில் ஒரு எழுத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்று திரும்பிவிடாதீர்கள்.