ஏழாயிரம் அடிக் காற்றும் ஒரு விமானக் கதவும்

வத்தலக்குண்டைத் தாண்டிப் பேருந்து மலைப்பாதையில் ஏற ஏற, முதலில் காது அடைக்கும். அடுத்து, பைக்குள் தொளதொளவென்று கிடந்த சிப்ஸ் பாக்கெட் உப்பத் தொடங்கும். வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு வந்து சேர்வதற்குள் பலூன் போல விறைத்து நிற்கும். பாக்கெட்டுக்குள் அடைபட்டிருப்பது சமவெளிக் காற்று. சுற்றியிருப்பது அதைவிட அழுத்தம் குறைந்த மலைக்காற்று. கொடைக்கானலுக்குப் போகும் குழந்தைகளுக்கு இது விளையாட்டு. விமானக் கதவின் சூத்திரமும் இதற்குள்தான் இருக்கிறது.

கொடைக்கானல் ஊர் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஜெட் விமானம் 35,000 அடியில் பறக்கும்போதும் பயணிகள் உள்ளே சுவாசிப்பது கிட்டத்தட்ட இந்தக் கொடைக்கானல் காற்றைத்தான். 8,000 அடி உயரத்தில் இருக்கும் அழுத்தத்துக்குக் கீழே போகாதபடி உள்ளறைக் காற்றை இயந்திரங்கள் பார்த்துக்கொள்கின்றன. வெளியே காற்று மிகவும் மெலிந்திருப்பதால், விமானத்தின் உட்சுவரில் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் 5 டன்னுக்கு மேல் அழுத்தம் விழுகிறது. பல விமானங்களின் கதவுகள் உள்ளிருந்து ஆப்பு அடித்ததுபோலச் சட்டகத்தில் பொருந்துபவை. அந்த உயரத்தில் எந்தப் பயில்வான் இழுத்தாலும் அவை அசையாது.

சிக்கல் தரைக்கு அருகில்தான். விமானம் இறங்க இறங்க உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகிவிடும். அப்போது கதவைக் காப்பவை கைப்பிடியும் பூட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் நிதானமும்தான்.

2022 டிசம்பர் 10 அன்று சென்னையிலிருந்து திருச்சிக்குப் புறப்பட இருந்த இண்டிகோ ஏடிஆர் விமானத்தில், தரையில் நிற்கும்போதே அவசரகாலக் கதவு திறக்கப்பட்டது. விமானம் உடனே கிளம்பவில்லை. கதவைப் பொருத்தி, அழுத்தச் சோதனை உள்ளிட்ட பரிசோதனைகளை முடித்த பிறகே பறக்கவிட்டார்கள். செய்தி பரவலாக வெளியே வந்தது 2023 ஜனவரியில். திறந்தவர் பெங்களூரு தெற்கு மக்களவை உறுப்பினர் தேஜஸ்வி சூர்யா. தவறுதலாக நடந்தது, அவரே மன்னிப்பும் கேட்டுக்கொண்டார் என்று அன்றைய விமானப் போக்குவரத்து அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா விளக்கினார். நடந்தது தரையில் என்பதால் தாமதத்தோடு முடிந்தது.

தென் கொரியாவில் அப்படி முடியவில்லை. 2023 மே 26 அன்று ஜெஜு தீவிலிருந்து டேகு நகருக்கு 194 பயணிகளோடு வந்த ஏசியானா ஏர்பஸ் ஏ321 விமானம் தரையிறங்க ஒருசில நிமிடங்களே இருந்தன. சுமார் 700 அடி உயரத்தில் ஒரு பயணி அவசரக் கதவைத் திறந்துவிட்டார். மூச்சு முட்டியது, சீக்கிரம் இறங்க வேண்டும் போலிருந்தது என்று பிறகு போலீசாரிடம் சொன்னார். சூறைக்காற்று உள்ளே புகுந்து அடிக்க, திறந்த கதவோடே விமானம் ஓடுபாதையைத் தொட்டது. உயிரிழப்பு இல்லை. மூச்சுத்திணறலோடு சிலர் மருத்துவமனைக்குப் போனார்கள். திறந்தவருக்கு நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. பழுதுபார்த்த செலவுக்காகச் சுமார் 70 கோடி வான் தர வேண்டும் என்று இன்னொரு தீர்ப்பும் வந்தது.

யாரும் கை வைக்காமலே திறந்ததும் உண்டு. 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் போயிங் 737 மேக்ஸ் 9 விமானம் சுமார் 16,000 அடியை எட்டியபோது, கதவு இருக்க வேண்டிய இடத்தை அடைத்திருந்த பலகை பிய்த்துக்கொண்டு போனது. அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. ஓட்டையை ஒட்டிய இருக்கையில் அன்று யாரும் இல்லை. மற்றவர்கள் பெல்ட் போட்டிருந்தார்கள். எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள்.

கதவு திறந்துவிட்டால்

பயணி செய்ய வேண்டியது மிகக் குறைவு. பெல்ட்டைக் கழற்றக் கூடாது. கதவை மூடப் போகிறேன் என்று எழுந்திருக்கவே கூடாது. மேலிருந்து ஆக்சிஜன் முகமூடி விழுந்தால் முதலில் தனக்கு, பிறகுதான் குழந்தைக்கு. 35,000 அடியில் அழுத்தம் போனால் தெளிவோடு இயங்கக் கிடைப்பது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்தான். குழந்தையின் முகமூடியோடு போராடும் தாய் அதற்குள் மயங்கிவிட்டால் இருவருக்கும் உதவி இல்லை. விமானி வேகமாகக் கீழே இறக்குவார். வயிற்றைப் புரட்டும் அந்த இறக்கம் விபத்தின் அறிகுறி அல்ல. எல்லோரும் சுவாசிக்கக்கூடிய காற்றைத் தேடிப் போகிறார்.

சிறிய பயிற்சி விமானங்களில் கதவு சரியாகத் தாழிடாமல் போய்ப் பறக்கும்போது திறப்பது அவ்வளவு அபூர்வமல்ல. பெரும்பாலும் கதவு பட்டென்று திறந்து, காற்றின் தள்ளலில் பாதி மூடிய நிலையில் நின்றுவிடும். சத்தமும் அதிர்வும் பயமுறுத்தும். விமானம் பறந்துகொண்டேதான் இருக்கும். கதவைத் தொடாமல், பெல்ட்டோடு, வழக்கமான வரிசையில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தரையிறங்கி அதன்பிறகு மூடு என்பதே அமெரிக்க விமானத் துறையின் பயிற்சிக் கையேடு சொல்லும் வழி. கதவோடு மல்லுக்கட்டப் போய் விமானத்தைக் கவனிக்காமல் விட்டதில்தான் உயிர்கள் போயிருக்கின்றன.

இருக்கை, சட்டம், இழப்பீடு

அவசர வழியை ஒட்டிய இருக்கையில் கால் நீட்ட இடம் தாராளம். கூடுதல் காசு கொடுத்து அதை வாங்குகிறவர்கள், ஆபத்தில் கதவைத் திறந்து உதவும் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார்கள். பணிப்பெண் வந்து விளக்கும்போது செல்போனை வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். புரியவில்லை என்றால் மறுபடி சொல்லச் சொல்லலாம். "எனக்கு வேண்டாம், வேறு இடம் கொடுங்கள்" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; அப்படிச் சொல்பவரை அங்கே உட்கார வைக்கவும் கூடாது.

விளையாட்டாகக் கைப்பிடியைத் தொடுகிறவருக்கு வழக்கு காத்திருக்கிறது. 2023-ல் மட்டும் நடுவானில் அவசரக் கதவைத் திறக்க முயன்றதாக இந்தியாவில் பயணிகள் பலர் போலீசில் ஒப்படைக்கப்பட்டார்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017-ல் கொண்டுவந்த விதிகள் அடாவடிப் பயணிகளை மூன்று நிலைகளாகப் பிரித்தன. வாய்ச்சண்டைக்கு 3 மாதம் வரை, கைகலப்புக்கு 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்தான நடத்தைக்குக் குறைந்தது 2 ஆண்டு பறக்கத் தடை. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு விசாரிக்கும் என்றும், தடை விழுந்தவர் மேல்முறையீடு செய்யலாம் என்றும் அந்த விதிகள் சொல்லின.

வேறொருவர் செய்த காரியத்தால் காத்துக்கிடக்கும் பயணிக்கும் உரிமை உண்டு. சென்னை–மதுரை போன்ற குறுகிய பயணத்தில் தாமதம் 2 மணி நேரத்தைத் தொட்டால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். 6 மணி நேரத்துக்கு மேல் போகும் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். எது என்று தீர்மானிப்பவர் பயணி. காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் 1972-ஆம் ஆண்டு விமானவழிப் போக்குவரத்துச் சட்டத்தின்படி இழப்பீடு கோரலாம்.

புகாரை முதலில் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் தர வேண்டும். பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளம், நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால், சென்னையில் ஏறிய விமானத்துக்காகக் கொடைக்கானல்காரர் திண்டுக்கல்லுக்கு இறங்கினால் போதும். அவகாசம் 2 ஆண்டு. போர்டிங் பாஸையும் தாமதம் பற்றி வந்த குறுஞ்செய்தியையும் மட்டும், வரும் வழியில் காலி சிப்ஸ் உறையோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாமல் வைத்திருக்க வேண்டும்.