தாமிரக் கம்பியும் திசைவியும்: வேகத்தின் எல்லை எது?

பேசுவதற்கென்று இடப்பட்ட கம்பி பிற்காலத்தில் படமும் பாட்டும் பாடமும் சுமந்து செல்லும் என்று, 1879ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் முதன்முதல் தொலைபேசி இணைப்பகம் அமைத்தோர் கனவிலும் கருதியிரார். ஆயினும் அதுவே நிகழ்ந்தது. 1998ஆம் ஆண்டில் 'சிங்கப்பூர் ஒன்' என்னும் நாடு தழுவிய அகன்ற அலைவரிசைத் திட்டம் தொடங்கப்பெற்றபோது, அது வீடுகளை எட்டிய வழிகள் இரண்டு. ஒன்று கம்பிவடத் தொலைக்காட்சியின் வடம். மற்றொன்று ஏற்கெனவே வீட்டில் இருந்த தொலைபேசியின் தாமிரக் கம்பி. இவ்விரண்டாம் வழியே டிஎஸ்எல் எனப்படுவது.

இணையம் தடுமாறும்போது, கூடுதல் விலையுள்ள திட்டத்திற்கு மாறினால் தீரும் என்று எண்ணுவது மக்கள் இயல்பு. குறை எங்கே உள்ளது என்று அறியாமல் செலவு செய்வதால் பயனில்லை. கம்பியிலா, ரௌட்டர் என வழங்கும் திசைவியிலா, வீட்டுச் சுவரிலா என்று பிரித்தறியும் முறையைத் தெரிந்துகொண்டால் காசும் மிஞ்சும். பிள்ளைகளின் படிப்பும் தடைப்படாது.

ஒரு கம்பியில் பல பாதைகள்

மனிதர் பேச்சைச் சுமக்கத் தொலைபேசிக் கம்பிக்கு நொடிக்கு 4,000 அதிர்வுக்கு உட்பட்ட பகுதியே போதும். அதற்கு மேலுள்ள பெரும்பகுதி நூறாண்டுக்கு மேலாகச் சும்மா கிடந்தது. டிஎஸ்எல் முறை அந்தத் தரிசு நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துப் பயிர்செய்கின்றது. ஏடிஎஸ்எல் என்னும் வகையில் நொடிக்கு 11 இலட்சம் அதிர்வு வரையுள்ள பரப்பு 256 பாத்திகளாகப் பிரிக்கப்படுகின்றது. பின்னர் வந்த ஏடிஎஸ்எல்2+ அதை இரட்டித்து 512 பாத்திகள் ஆக்கிற்று. ஒவ்வொரு பாத்தியும் நொடிக்கு 4,000 தடவை செய்தி அனுப்பும். தடவை ஒன்றுக்கு அதிகமாக 15 பிட் வரை கொள்ளும்.

எல்லாப் பாத்தியும் ஒரே அளவு விளைவதில்லை. கம்பி நீள நீள, உயர்ந்த அதிர்வுகளே முதலில் தேய்ந்து மறைகின்றன. ஆகவே, ஏடிஎஸ்எல்2+ முறையின் உச்சமான 24 மெகாபிட் வேகம், இணைப்பகத்திற்கு மிக அருகே உள்ள வீடுகளுக்கே கிட்டும். தொலைவில் உள்ளவர் எத்தனை நல்ல திசைவியை வாங்கி வைத்தாலும் அவ்வேகத்தை எட்ட இயலாது.

சொல்வதெழுதுதல் காட்டும் உண்மை

ஒரு வழித்தடத்தில் பிழையின்றிச் செல்லத்தக்க செய்திக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்பதையும், அவ்வரம்பு தடத்தின் அகலத்தையும் குறிப்பலைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தையும் பொறுத்தது என்பதையும் 1948ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் நிறுவினார். இக்கணக்கு கடினம் போலத் தோன்றினும், சொல்வதெழுதுதல் நடத்தும் ஆசிரியர் நாள்தோறும் இதனைக் கையாள்கின்றார். வகுப்பு அமைதியாக இருந்தால் விரைந்து சொல்லலாம். சாலையோரத்து வகுப்பாயின் நிதானித்தே சொல்ல வேண்டும். அறிவுள்ள ஆசிரியர் மற்றொன்றையும் செய்வார். இப்பொழுது அமைதி நிலவினாலும், இடையில் ஒரு லாரி கடந்து போகக்கூடும் என்று கருதி, தம்மால் இயன்ற உச்ச வேகத்திற்குச் சற்றுக் குறைவாகவே சொல்லுவார்.

திசைவியும் இதையே செய்கின்றது. அதனை இயக்கியதும் இணைப்பகத்துக் கருவியோடு சிறிது நேரம் பேசி, ஒவ்வொரு பாத்தியிலும் இரைச்சல் எவ்வளவு என்று அளந்து, எத்தனை பிட் ஏற்றலாம் என்று முடிவு செய்கின்றது. லாரிக்காக விடும் இடத்தைப் போல, எதிர்பாரா இரைச்சலுக்காகவும் ஓர் இடம் விட்டுவைக்கின்றது. அதுவே இரைச்சல் காப்பு இடைவெளி. பெரும்பாலும் இது 6 டெசிபெல் என்று வைக்கப்படும். அதாவது, இரைச்சலின் ஆற்றல் நான்கு மடங்கு ஆகும் வரையில், ஒரு கோடி பிட்டுக்கு ஒன்று என்ற வரம்பைப் பிழை தாண்டாது என்பது பொருள்.

பேராசையின் விலை

சில திசைவிகளில் இவ்விடைவெளியைக் குறைக்க அமைப்பு உண்டு. 6 டெசிபெல்லை 3 ஆக்கினால் பாத்தி ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு பிட் கூடும். பயன்படும் பாத்திகள் 300 என்றால், 300ஐ 4,000ஆல் பெருக்க, நொடிக்கு 12 இலட்சம் பிட், அதாவது 1.2 மெகாபிட் மிகும். நீண்ட கம்பியின் முனையில் 3 மெகாபிட் பெற்று வந்தவருக்கு இது சிறிய ஊதியம் அன்று.

ஆனால் லாரி வந்தே தீரும். மாலையில் அண்டை வீடுகளில் விளக்குகளும் மலிவான மின்மாற்றிகளும் இயங்கும். இரவில் தொலைதூர மத்திய அலை வானொலிகள் வலுப்பெறும். இவை எல்லாம் அதே அதிர்வுப் பரப்பில் குறுக்கிடுவன. காப்பு இல்லாத இணைப்பு அறுந்து, மீண்டும் அளந்து, மீண்டும் சேரும். அடிக்கடி அறுவதைக் காணும் இணைப்பகத்துத் தானியங்கி, 'இக்கம்பி பழுதுடையது' என்று கருதித் தானே வேகத்தைக் குறைத்துவிடுவதும் உண்டு. எனவே இடைவெளியைக் குறைப்பவர், இரவும் பகலும் சில நாள் கவனித்து, அறாமல் நிற்கும் அளவோடு நிற்றல் வேண்டும்.

இடைவெளியைத் தொடுமுன் இரைச்சலைக் குறைப்பதே நேரிய வழி. தொலைபேசிக் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் வடிப்பான் இடுதல், திசைவியை வீட்டின் முதல் இணைப்புப் பெட்டியிலேயே சேர்த்தல், பயனற்றுத் தொங்கும் கிளைக் கம்பிகளை நீக்குதல், கம்பியை மின்மாற்றிகளிடமிருந்து விலக்கி வைத்தல் ஆகிய நான்கும் ஆபத்தில்லாத திருத்தங்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் இன்றும் இலட்சக்கணக்கான வீடுகள் தாமிரக் கம்பி வழியே இணையம் பெறுவதால், இவ்வறிவு பழங்கதை ஆகிவிடவில்லை.

தடை இடம் மாறிய கதை

சிங்கப்பூரிலோ நிலைமை மாறிவிட்டது. 2010ஆம் ஆண்டில் ஒளியிழைக் கட்டமைப்பின் வழி இணையச் சேவை தொடங்கிற்று. இன்று வீட்டு இணையம் ஏறக்குறைய முழுமையும் கண்ணாடி இழையிலேயே வருகின்றது. அதனை 10 கிகாபிட் வேகத்திற்கு உயர்த்தும் திட்டத்தை 2024ஆம் ஆண்டில் அரசு அறிவித்தது. கண்ணாடி இழையில் ஒளி செல்வதால் வானொலியின் குறுக்கீடு அதனைத் தீண்டாது. இருந்தும், 'எங்கள் வீட்டில் மெதுவாக இருக்கின்றது' என்னும் குரல் ஓயவில்லை. ஏன்? தடை தெருவிலிருந்து வீட்டுக்குள் குடிபுகுந்துவிட்டது.

தேக்கா வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். 1989ஆம் ஆண்டு முதல் பாதுகாக்கப்பட்டுவரும் லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் முகப்பில் குறுகியவை. உள்ளே நெடிது நீள்பவை. செங்கற் சுவர்களால் பிரிக்கப்பட்டவை. முன்பக்கம் வைத்த திசைவியின் வைஃபை அலை, பின்கட்டை அடையுமுன் வலுவிழக்கும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளிலோ இடர் வேறு. 1997இல் நிறைவேறிய குடிமைத் தற்காப்புப் புகலிடச் சட்டத்தின் பின்னர் எழுந்த வீடுகளில், தடித்த இரும்புக் கம்பிக் கான்கிரீட்டால் ஆன காப்பறை ஒன்று உண்டு. அமைதிக் காலத்தில் அது சாமான் அறை. இடம் அடைக்காமல் இருக்கட்டும் என்று திசைவியை அதற்குள் வைத்துக் கதவையும் சாத்துவோர் உளர். குண்டைத் தடுக்கக் கட்டிய சுவர் வைஃபை அலைக்கு மட்டும் வழிவிடுமா?

இதற்கு மருந்து எளிது. திசைவியை வீட்டின் நடுவே, உயரமான திறந்த இடத்தில் வைத்தல் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்னும் மூன்றே. நூறு குடும்பம் வாழும் கட்டடத்தில் அம்மூன்றிலும் நெரிசல் மிகும். அருகில் உள்ள கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மாற்றுதல் நலம். ஆனால் அவ்வலை சுவரைக் கடப்பதில் வலிமை குறைந்தது. நீண்ட வீட்டிற்குப் பின்கட்டு வரை வடம் இழுத்து, அங்கே இரண்டாவது வைஃபை கருவி வைப்பதே நிலையான தீர்வு.

சொல்லும் குரல்

இவ்வாராய்ச்சி வெறும் வேகக் கணக்குக்காக அன்று. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் முதல், கொவிட் தொற்றினால், சிங்கப்பூர்ப் பள்ளிகள் முழுமையாக வீட்டுவழிக் கற்றலுக்கு மாறின. மொழிப் பாடத்தில் பிள்ளை கேட்பது மட்டும் போதாது. வாய்விட்டுப் படிக்கவும் வேண்டும். குரல் துண்டு துண்டாக வந்தால், மாணவன் 'பல்லி' என்றானா 'பள்ளி' என்றானா என்று ஆசிரியர் எங்ஙனம் தீர்ப்பார்? லகர ளகர ழகர வேறுபாட்டைத் திருத்தும் வாய்ப்பே அங்கு இல்லாது போகின்றது. வீட்டில் தமிழ் குறைவாகப் பேசும் பிள்ளைக்கு அந்த அரைமணி நேரமே தமிழ் பேசும் நேரமாக இருக்கவும் கூடும்.

இங்குப் பெரும்பாலோர் பாராத ஒன்று, மேலேற்றும் வேகம். ஏடிஎஸ்எல்லின் முதல் எழுத்தே சமமின்மையைக் குறிப்பது. இறக்குவதற்குப் பெரும்பாத்தி, ஏற்றுவதற்கோ நொடிக்கு ஏறத்தாழ ஒரு மெகாபிட் அளவே. அதே வேளையில் வீட்டில் ஒருவரின் கைப்பேசி படங்களைச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தால், பிள்ளையின் குரல் திசைவியில் வரிசையில் நின்று காத்திருக்கும். இதனைத் தீர்க்கப் பல திசைவிகளில் 'கியூஓஎஸ்' என்னும் முன்னுரிமை அமைப்பு உண்டு. ஏற்றும் வேகத்தைக் கம்பியின் உண்மை வேகத்தில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை வரம்பிட்டு, உரையாடலுக்கு முதலிடம் கொடுத்தால், வரிசை தேங்காது. மொத்த வேகம் சிறிது குறையும்; குரலோ தெளிவாகும்.

சோதிக்கும் முறைக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் கணினியைத் திசைவியோடு வடத்தால் நேரே இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். அங்கு வேகம் சரியாக இருந்து அறையில் மட்டும் குறைந்தால் குறை வைஃபையில், இடத்தை மாற்றுக. வடத்திலும் குறைந்தால் திசைவியின் பக்கத்தில் இணைப்பு வேகத்தையும், தாமிரக் கம்பியாயின் தேய்வையும் காப்பு இடைவெளியையும் குறித்துக்கொள்க. காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் குறித்த தாளோடு நிறுவனத்தை அணுகினால், பேச்சு வாதமாகாமல் ஆய்வாக அமையும். ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, பழைய எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுதல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றியவர் எதனால் பயன் விளைந்தது என்று அறியார்.

எந்தத் திருத்தமும் கம்பிக்கு இல்லாத ஆற்றலைத் தருவதில்லை. உள்ள ஆற்றல் வீணாகாமல் காப்பதே திருத்தத்தின் பயன். அவ்வெல்லையை அறிந்தவர் வேண்டாத திட்டத்திற்குப் பணம் கட்டமாட்டார். சாமான் அறையில் அடைபட்ட திசைவியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைப்பார்.