பானைத் தண்ணீரும் ஒரு பத்தியும்

பனையோலைச் சுவடிகளில் பத்தி பிரிக்கும் வழக்கம் இல்லை. நிறுத்தக் குறிகளும் இல்லாமல் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்கும். எது எதோடு சேரும் என்பதைப் படிப்பவரே பிரித்தறிய வேண்டும். அச்சும் உரைநடையும் பெருகிய 19-ஆம் நூற்றாண்டில் அந்த வேலை எழுதுபவர் தலையில் வந்தது. தமிழில் ஆறுமுக நாவலர் நிறுத்தக் குறிகளோடு தெளிந்த உரைநடையை அச்சேற்றினார். ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் பெயின் 1866-இல் ஆங்கிலப் பத்திக்கு விதிகளே வகுத்தார். தொடக்க வாக்கியம் பொருளைச் சுட்ட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. எப்போதும் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எழுதிப் பழகுபவருக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

ஒருவர் இப்படி எழுதுவதாகக் கொள்வோம்: ‘மண்பானைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். மானாமதுரையில் நல்ல பானைகள் செய்கிறார்கள். பானையில் நுண்துளைகள் உண்டு. ஃபிரிட்ஜுக்கு மின்சாரம் வேண்டும். நீர் ஆவியாக வெப்பம் தேவை.’

ஐந்தும் உண்மை, ஆனாலும் பத்தி அமையவில்லை. வாக்கியங்களை எப்படி இடம் மாற்றினாலும் எதுவும் கெடவில்லை என்றால், அவற்றுக்குள் தொடர்பே இல்லை என்று பொருள். முதலில் கேள்வியை முடிவு செய்ய வேண்டும். பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பது கேள்வியானால், மானாமதுரைக்கும் மின்சாரத்துக்கும் இங்கே இடமில்லை. இத்தகைய விலகலை நன்னூல் ‘மற்றொன்று விரித்தல்’ என்று குற்றமாகவே எண்ணுகிறது. எழுதியதை நீக்க மனம் வராதுதான். மானாமதுரைக்குத் தனிப் பத்தி கொடுத்துவிடலாம்.

மீதியை இப்படிக் கோக்கலாம்: ‘மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்குக் காரணம் பானைச் சுவரின் நுண்துளைகள். அவற்றின் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அதனால் எஞ்சிய நீர் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஆவியாதல் குறைவதால் இந்தக் குளிர்ச்சியும் குறையும்.’

இப்போது எந்த வாக்கியத்தையும் நகர்த்த முடியாது. ‘அவற்றின்’, ‘ஆவியாவதற்கு’, ‘அதனால்’ என ஒவ்வொன்றும் முந்தையதைப் பிடித்துக்கொண்டு எழுகிறது. தமிழில் வினை கடைசியில் வருவது இதற்கு மிக வசதி: படிப்பவர் அறிந்ததை முன்னே வைத்து, புதிய செய்தியை வினைக்கு அருகே சேர்க்கலாம். ஆனால் காரணமே இல்லாத இடத்தில் ‘எனவே’ போட்டு ஒட்டவைப்பது படிப்பவரை ஏமாற்றுவது. விதிவிலக்கான ஈரக்காற்றும் காரணம் முழுவதும் விளங்கிய பிறகே வருகிறது. சென்னைப் புழுக்கத்தில் பானை ஏன் திணறுகிறது என்று மேலும் சொல்ல வேண்டுமானால், அடுத்த பத்தியை அந்த ஈரத்திலிருந்து தொடங்கலாம்.