மலைப் பாலைவனத்தில் மறைக்கக் கூடாத தலைவலி



நீங்கள் வெள்ளவத்தையில் ரயில் பாதையோரத் தொடர்மாடியில் இருந்தாலும் சரி, கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தாலும் சரி, உங்கள் வீடு கடல் மட்டத்தில்தான் இருக்கிறது. மூச்சு விடுவதைப் பற்றி நாம் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய தேவையும் வந்ததில்லை.

முன்பெல்லாம் நம் குடும்பங்களில் பயணம் என்றால் ஹஜ், உம்ரா, கல்யாணத்துக்குச் சாமான் வாங்கச் சென்னை, ஏப்ரல் விடுமுறைக்கு நுவரெலியா என்று ஒரு கணக்கு இருந்தது. இன்று படிப்பை முடித்த பிள்ளை, “உம்மா, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு லடாக் போகப் போகிறோம்” என்கிறது. “பிள்ளையைத் தனியாக விடுவதா? நாங்களும் வருகிறோம்” என்று உம்மாவும் வாப்பாவும் கிளம்புகிறார்கள். நல்ல விஷயம்தான். அல்லாஹ் படைத்த பூமியைப் பார்க்க ஆசைப்படுவதில் என்ன தவறு? ஆனால் புறப்படுமுன் ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும். நம் பெண்களிடம் உள்ள ஒரு பழக்கம் அந்த மலையில் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

எவ்வளவு உயரம்?

இந்தியாவின் வடக்கு முனையில் இமயமலைக்கு அப்பால் இருக்கிறது லடாக். ‘கணவாய்களின் நாடு’ என்பது அந்தப் பெயரின் பொருள். மழை மேகங்களை இமயம் தடுத்து விடுவதால் அங்கே மழை மிகவும் குறைவு. கொழும்பில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. லே நகரில் பெய்வது ஏறத்தாழ 100 மில்லிமீற்றர்தான். எங்கு பார்த்தாலும் மொட்டை மலை, மணல், கல். பனியாறு உருகி வரும் இடங்களில் மட்டும் பச்சைத் திட்டுகளாகக் கிராமங்கள். நுப்ரா பள்ளத்தாக்கின் மணல் மேடுகளில் இரட்டைத் திமில் ஒட்டகங்களைக்கூடக் காணலாம்.

இந்தப் பாலைவனத்தின் தலைநகரான லே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நம் நாட்டில் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகால 2,524 மீற்றர். அதாவது இலங்கையின் உச்சியில் ஏறி நின்றாலும், லே நகரின் கடைத்தெரு இன்னும் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் மேலே இருக்கும்! அங்கே காற்றின் அழுத்தம் நம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

டில்லியிலிருந்து விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் லேயில் இறங்கிவிடலாம். விமானம் நம்மை எவ்வளவு வேகமாகக் கொண்டுபோய் இறக்கினாலும், உடல் தன்னைப் பழக்கிக்கொள்ள நாட்கள் எடுக்கும்.

ஒரு சுல்தானின் கதை

இந்த நோய் புதிதல்ல. 16ஆம் நூற்றாண்டில் கஷ்கரையும் யார்கந்தையும் ஆண்டவர் சுல்தான் சயீத் கான். 1532இல் அவர் பெரும் படையுடன் காரகோரம் மலைகளைத் தாண்டி லடாக்குக்கு வந்தார். அவருடைய தளபதி மிர்ஸா ஹைதர் துக்லாத். முகலாய மன்னர் பாபரின் சின்னம்மா மகனான இவர், பின்னாளில் காஷ்மீரை ஆண்டவர். ‘தாரீகே ரஷீதி’ என்ற பார்ஸி வரலாற்று நூலில் இவர் அந்தப் பயணத்தை எழுதி வைத்திருக்கிறார்.

மலையில் வரும் அந்த நோய்க்கு அவர் குறிப்பிடும் பெயர் ‘தம்கீரி’. ‘தம்’ என்றால் மூச்சு. நாம் பிரியாணிக்குத் ‘தம்’ போடுகிறோமே, அதே சொல்தான். மூச்சு பிடித்துக்கொள்ளும் நோய் என்று பொருள். வெளியிலிருந்து வருகிறவர்களைத்தான் அது பிடிக்கும், அந்த மண்ணில் பிறந்தவர்களைப் பிடிப்பதில்லை என்பதையும் அவர் கவனித்து எழுதினார்.

சுல்தானையும் அது விடவில்லை. 1533இல் ஊர் திரும்பும் வழியில், உயர்ந்த கணவாய்களுக்கு நடுவே, அவர் அந்த நோயால் மௌத்தானார். லடாக்கின் வடகோடியில் ‘தௌலத் பேக் ஓல்டி’ என்று ஓர் இடம் உண்டு. ‘பெரிய செல்வந்தர் இறந்த இடம்’ என்ற அந்தத் துருக்கிப் பெயர் இந்தச் சுல்தானைத்தான் குறிக்கிறது என்று சொல்வார்கள். படையும் பட்டமும் இருந்தும் மலை அவருக்குச் சலுகை காட்டவில்லை.

நம் பழக்கம், மலையின் சட்டம்

இனி அந்தப் பழக்கத்துக்கு வருவோம். சகோதரியே, உங்களுக்குத் தலையிடி வந்தால் என்ன செய்வீர்கள்? நெற்றியில் கொஞ்சம் தைலம் தடவிக்கொண்டு அடுப்படிக்குப் போவீர்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல மாட்டீர்கள். “என்னால் பயணம் கெட்டுப் போகக் கூடாது” என்று வாய் திறக்காமல் இருப்பீர்கள். வீட்டில் இதைப் பொறுமை என்பார்கள். 3,500 மீற்றர் உயரத்தில் இந்தப் பொறுமை ஆளையே கொல்லக்கூடும்.

உயரத்துக்குப் போன சில மணி நேரத்தில் பலருக்குத் தலையிடி, வயிற்றுப் பிரட்டல், தலைச்சுற்று, அசதி, தூக்கமின்மை வரும். ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் குறைந்துவிடும். இதை மறைத்துக்கொண்டு மேலும் உயரே போனால், சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துவிடும், சிலருக்கு மூளை வீங்கிவிடும். இரண்டும் உயிரைப் பறிக்கக் கூடியவை. ஆகவே இவற்றை மனதில் வையுங்கள்:

தலையிடி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. அது குறைந்த பிறகே அடுத்த ஊர்.

ஓய்வெடுத்தும் கூடிக்கொண்டே போனால் கீழே இறங்க வேண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நுரை கலந்த சளியுடன் இருமல் வந்தாலோ, நேராக நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சில் தடுமாற்றம் இருந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நடு இரவானாலும் ஒட்சிசன், மருத்துவமனை, இறக்கம். லேயில் சோனம் நுர்பு நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது.

காலையும் மாலையும் ஒருவரை ஒருவர் கேளுங்கள்: “தலை இடிக்கிறதா? தூங்கினீர்களா?” கேட்கப்பட்டவர் உண்மையைச் சொல்ல வேண்டும். குறிப்பாக உம்மாமார்!

இன்னொரு சங்கதியும் பெண்களுக்கே உரியது. வழியில் கழிப்பறை இருக்காது என்று பயந்து நாம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறோம். அந்த வறண்ட காற்றில் உடலின் நீர் சீக்கிரம் வற்றிவிடும், தலையிடியும் கூடும். வெட்கப்படாமல் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகள், இருதய நோய், ஆஸ்துமா, கடுமையான இரத்தச்சோகை உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் டிக்கட் எடுக்க வேண்டாம். அசெட்டசோலமைட் என்ற குளிசை உயரத்துக்கு உடல் பழக உதவுகிறது. அதையும் டொக்டரிடம் கேட்டே எடுக்க வேண்டும். சல்பா மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் அதை முதலில் சொல்லுங்கள். தூக்கக் குளிசை அங்கே வேண்டவே வேண்டாம். அது மூச்சை இன்னும் மந்தமாக்கிவிடும்.

மெதுவாகப் போகும் வழி

நேரம் இருப்பவர்களுக்கு ஸ்ரீநகர் வழி நல்லது. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீற்றர். அங்கே ஓரிரு இரவு தங்கி, ஸோஜி லா கணவாயைக் கடந்து 2,676 மீற்றர் உயரத்துக் கார்கிலில் ஓர் இரவு தங்கி, பிறகு லே சேரலாம். மொத்தம் 420 கிலோமீற்றர் அளவில் மலைச் சாலை. பனிக்காலத்தில் அந்தக் கணவாய் மூடிவிடும். எல்லைப் பிரதேசம் என்பதால் புறப்படுமுன் நிலைமையை நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள். நேரே விமானத்தில் லேயில் இறங்குகிறவர்கள் முதல் இரண்டு நாளும் அறையிலேயே இளைப்பாற வேண்டும். அதன் பின்னும் இரவு தங்கும் உயரத்தை ஒரே நாளில் 500 மீற்றருக்கு மேல் கூட்ட வேண்டாம். 5,300 மீற்றரைத் தாண்டும் கர்துங் லா போன்ற கணவாய்களில் படம் எடுக்க மணிக்கணக்கில் நிற்பதும் கூடாது.

இந்த வழியில் நாம் அந்நியர்களாக உணர வேண்டியதில்லை. கார்கில் மாவட்டத்தில் முஸ்லிம்களே பெரும்பான்மை. யார்கந்திலிருந்து காஷ்மீர்வரை பட்டும் கம்பளமும் சுமந்த ஒட்டக, குதிரைக் கூட்டங்கள் தங்கிச் சென்ற ஊர் கார்கில். அந்த வியாபாரத்தின் மிச்சங்களை முன்ஷி அஸீஸ் பட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். லேயில் அரண்மனைக்குக் கீழே, கடைத்தெருவிலேயே 17ஆம் நூற்றாண்டில் எழுந்த ஜாமிஆ மஸ்ஜித் இருக்கிறது. இங்கு வந்த முஸ்லிம் வியாபாரிகள் உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிய வம்சத்தாரை அர்கோன் என்பார்கள். நுப்ராவுக்கு அப்பால் துர்துக் என்ற பால்டி முஸ்லிம் கிராமம். 1971 போரில் இந்தியாவின் கைக்கு வந்து, 2010இல்தான் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. ஏப்ரிகொட் பழத் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். நுப்ரா, பாங்கோங் ஏரி போன்ற இடங்களுக்கு வெளிநாட்டவரான நமக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். லேயில் உள்ள பதிவு பெற்ற பயண முகவர்கள் மூலம் எடுக்கலாம்.

பையில் பட்டுப் புடைவை வேண்டாம். பருத்தியும் கம்பளியுமாக அடுக்கடுக்காய் அணியும் உடை, வெயிலுக்குக் கண்ணாடி, உதட்டுக்கும் முகத்துக்கும் களிம்பு, சுடுதண்ணீர்ப் போத்தல், கொஞ்சம் பேரீச்சம்பழம், தொழுகை விரிப்பு போதும். பயணிக்குத் தொழுகையில் கஸ்ரும் ஜம்உம் இருக்கின்றன. தண்ணீர் ஆபத்தாகும் குளிரில் தயம்முமும் இருக்கிறது. உடலை வருத்தாமல் இருக்க வழியை மார்க்கமே காட்டியிருக்கும்போது, நாமாக வருத்திக்கொள்வானேன்?

இறங்க முடியாதவர்கள்

பை மாட்டிய இளைஞர்கள் லடாக்கோடு நிற்பதில்லை. சிலர் தென்னமெரிக்காவின் அண்டீஸ் மலைகளுக்கும் போகிறார்கள். அங்கேயும் இதேபோல் உயர்ந்த பாலைவனங்கள் உண்டு. பொலிவியாவில் 10,000 சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்த உயுனி உப்பு வெளி அவற்றில் ஒன்று. அவற்றுக்கு நடுவே சுரங்க ஊர்கள். பொலிவியாவின் பொட்டோசி 4,000 மீற்றருக்கு மேலே இருக்கிறது. 1545இல் அங்கே வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்பானியர்கள் அந்த நாட்டு மக்களைக் கட்டாயமாக மலைக்குள் இறக்கினார்கள். அந்த வெள்ளி ஆசியா வரைக்கும் வந்தது. இன்றும் அதே மலைக்குள் ஆட்கள் இறங்கித் தூசியைச் சுவாசிக்கிறார்கள்.

பெருவில் லா ரின்கொனாடா என்ற தங்கச் சுரங்க ஊர் சுமார் 5,100 மீற்றர் உயரத்தில் உள்ளது. மனிதர் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஊர்களில் உலகிலேயே உயர்ந்தது அதுதான். அங்கே ஒரு மூச்சில் கிடைப்பது நம் ஒட்சிசனில் ஏறக்குறையப் பாதி. அதை ஈடுகட்ட உடல் சிவப்பு அணுக்களைப் பெருக்க, பலருக்கு இரத்தம் தடித்து நாள்பட்ட நோயாகிவிடுகிறது. தலையிடி, மூச்சுத் திணறல், கடைசியில் இருதயம் பழுதாகும். இதற்கும் நல்ல மருந்து ஒன்றுதான்: கீழே இறங்குவது. ஆனால் கீழே அவர்களுக்கு வேலை இல்லை. பல தொழிலாளிகள் ஏறத்தாழ ஒரு மாதம் கூலியில்லாமல் உழைத்து, கடைசியில் தாங்கள் சுமக்க முடிந்த கல்லை எடுத்துக்கொண்டு போகும் முறையில் வாழ்கிறார்கள். அந்தக் கல்லில் தங்கம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பெண் உள்ளே வந்தால் துரதிர்ஷ்டம் என்ற நம்பிக்கையால் பெண்கள் சுரங்கத்துக்குள் விடப்படுவதில்லை. அவர்கள் வெளியே கொட்டப்படும் கல் குவியலில் உட்கார்ந்து, சுத்தியலால் உடைத்து, தங்கத் துகள் ஒட்டிய கல்லைத் தேடுகிறார்கள். பல்யாக்கேரா என்று அவர்களை அழைப்பார்கள். பிரித்தெடுக்கப் பயன்படும் பாதரசத்தின் நஞ்சு அந்த ஊரின் காற்றிலும் தண்ணீரிலும் கலந்திருக்கிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் செட்டியார் தெரு. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னும் வளையலைப் பார்த்து விலை பேசும்போது அந்தப் பெண்களை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அந்த ஊர்களுக்குப் போவதாக இருந்தால், “வேடிக்கை பார்க்கப் போகாதே. கேட்காமல் படம் பிடிக்காதே. ஸலாம் சொல்லும் மனதோடு போ” என்று சொல்லி அனுப்புங்கள்.

அவர்களுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தலையிடித்தால் நம்மால் இறங்கி வர முடியும். அதை அல்லாஹ் நமக்குத் தந்த நிஃமத் என்று எண்ணிப் பயன்படுத்துங்கள். பாங்கோங் ஏரியைப் பார்க்காமல் திரும்பினால் என்ன? ஏரி அங்கேயே இருக்கும். அடுத்த வருடம் போகலாம். உம்மா வீடு திரும்புவதுதான் பிள்ளைகளுக்கு முக்கியம்.

ஆகவே சகோதரியே, பையைக் கட்டுங்கள், துஆ ஓதிப் புறப்படுங்கள். முதல் நாள் இரவு லேயில் தலை இடித்தால், பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள்.