மோட்டார் வண்டியிற் பேசும் வானொலி

1933 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலுள்ள பேயோன் நகரப் பொலிஸார், ஓடும் மோட்டார் வண்டியிலிருந்தே பேசவும் கேட்கவும் வல்ல வானொலியைக் கையாளத் தொடங்கினர். இன்று அனுமதிப் பத்திரம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர் சிலர் தம் சொந்தக் காரிலேயே இரு கருவிகளைப் பூட்டுகின்றனர். முன்னிருக்கைகளின் நடுவே ஒட்டுப்பலகைப் பெட்டியொன்று. சூடு தணியத் துளைகள். தச்சு வேலை அவ்வளவே.

அபாயம் மறைந்து கிடக்கும் மின்கம்பியிலுண்டு. பற்றரியிலிருந்து வரும் கம்பி, இயந்திர அறையின் இரும்புத் தகட்டைக் கடந்தே உள்ளே வருகின்றது. வண்டி குலுங்கக் குலுங்க உறை தேய்ந்து செம்பு இரும்பைத் தொடுமாயின், தீ மூளும். உருகியைக் கருவியருகே மட்டும் வைத்தால், அதற்கு முன்னுள்ள கம்பிக்குக் காவல் ஏது? பற்றரியை ஒட்டியே உருகி இருத்தல் வேண்டும். தகட்டின் துளைக்கு றப்பர் வளையமிட்டு, கருவி ஒவ்வொன்றுக்கும் தனி உருகி வைப்பது நன்று.